சின்னவள் சொல்லாமல் விட்டது

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று அடுத்த வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ பஸ்ஸில் இருக்கிறாய், இல்லாவிட்டால் மீட்டிங்கில் இருக்கிறாய், அப்புறம் கூப்பிடறேம்மா என்கிறாய். அதுவும் இந்த இரண்டு அறை வீட்டில் நான் எதைப் பேசினாலும் சின்னவள் காதில் விழும். அதனால்தான் காகிதம். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் தங்கை மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னது பொய். அக்காவிடம் அப்படிச் சொல் என்றாள், சொன்னேன். முதலிலிருந்து வருகிறேன். போன மாதம் பள்ளிக்கூடத்தில் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். அப்பா குளிர்கிடங்கில் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டானாம், அரை நாள்தான் கிடைத்தது, கிடங்குக்குள் போடுகிற தடிச் சட்டையோடேயே வந்து வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓட்டல் சலவைக்கூடத்திலிருந்து ஓடினேன். பிள்ளைகள் மனசைப் பார்க்கிறதற்கென்றே அங்கே ஒரு டீச்சரம்மா இருக்கிறாள். மேஜைமேல் முகம் துடைக்கிற காகிதம் ஒரு பெட்டி. அதைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும், அந்த அறைக்கு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று. எங்களுக்குத்தான் இந்த ஊர் பாஷை வராதே, எடுத்துச் சொல்ல வேறு ஆள் இல்லை என்று உன் தங்கையையே நடுவில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மா நிறுத்தி நிறுத்தி ரொம்ப நேரம் பேசினாள். சின்னவள் எங்களைப் பார்த்து, நான் நல்லா படிக்கிறேனாம், என் கையெழுத்து அழகா இருக்காம், கிளாஸ்ல இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்து பேசணுமாம் என்றாள். இவ்வளவு நேரம் பேசினதுக்கு அவ்வளவுதானா என்றார் அப்பா. இவங்க பாஷை நீளம்ப்பா என்றாள். நாங்கள் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் நன்றியும் ஒன்று, எழுந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து அதைச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. இவளும் ஒரு தாயா என்று நினைத்திருப்பாள்.

பத்து நாள் கழித்து பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம். சுற்றுலா பத்தினதும்மா, நான் போகல என்று மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளை ஆசையை அடக்குகிறது, கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்களோடு இஸ்திரி போடுகிற அக்கா இந்த ஊரில் இருபது வருஷம் இருக்கிறவள், நன்றாகப் படிப்பாள். படித்தவள் மிஷினை நிறுத்திவிட்டாள். யாரு உனக்கு இதைப் படிச்சுச் சொன்னது என்றாள். என் பொண்ணுதான் என்றேன். அவ எப்படிடீ சொல்லுவா, இது அவளைப் பத்தினது என்றாள். கட்டுரை நோட்டில் உன் தங்கை எழுதியிருக்கிறாள், காலையில் கண் முழிக்காமலே போய்விட்டால் எல்லோருக்கும் சுலபம் என்று. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அதைத்தான் அந்த டீச்சரம்மா எங்களிடம் சொல்லியிருக்கிறாள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று. அதற்குத்தான் நாங்கள் சிரித்தது.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன், அப்பா கத்தினார். சோத்துக்குக் குறை வெச்சோமா துணிக்குக் குறை வெச்சோமா, உனக்காகத்தானே இங்க வந்து கெடந்து சாகறோம் என்றார். அவள் அழவே இல்லை. வீட்டு ஓனர் திட்டறதை நான்தான் முதல்ல கேக்கறேன், அப்பாவைப் பழைய வேலையை விட்டு எடுத்த லெட்டரை நான்தான் முதல்ல படிச்சேன், அப்புறம் அதை உங்களுக்கு வலிக்காத மாதிரி மாத்திச் சொல்றேன், இதையும் நானேதான் உங்ககிட்ட சொல்லணுமா என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து வேலைக்குப் போகிறார், வருகிறார், அவ்வளவுதான். எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை எனக்குச் சொன்னதும் அவள்தான், அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. ஒரு பிள்ளை வாயால் இதைச் சொல்ல வைக்கலாமா என்று டாக்டருக்கும் தோன்றவில்லை, பெற்றவளுக்கும் தோன்றவில்லை. கெட்டிக்காரி, நமக்கு ஆள் வைக்கிற வேலை இல்லை என்று போகிற வருகிறவர்களிடம் பெருமை அடித்தேன். உன்னையும் சும்மா விட மாட்டேன். நீ வெளியூர் படிக்கக் கிளம்பினபோது எங்கள் வாயையும் கூடவே எடுத்துக்கொண்டு போனாய், பதினோரு வயசுப் பிள்ளை உன் இடத்தில் வந்து உட்கார்ந்ததை நீ ஒருத்திதான் பார்த்திருக்க முடியும். பார்க்கவில்லை.

என்னடீ செய்யுது உனக்கு, அம்மாகிட்ட சொல்லு என்று மடியில் போட்டுக் கேட்டேன். ஆறு வயசுல இங்க வந்துட்டேன், நம்ம பாஷைல எனக்கு அது வரைக்கும்தாம்மா வார்த்தை இருக்கு, பசிக்குது, வயிறு வலிக்குது, பயமா இருக்கு, இது அதுல எதுவுமே இல்ல என்றாள். அந்த பாஷைல சொன்னா உனக்குப் புரியாது என்றாள். பெற்ற பிள்ளையும் நானும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து ஊமை மாதிரி இருந்தோம்.

இஸ்திரி அக்கா பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு, பாஷை மாற்றிச் சொல்ல ஒரு ஆளைப் போனில் ஏற்பாடு பண்ணவைத்தாள். போன புதன்கிழமை மறுபடி போனேன், சின்னவளை வெளியே பெஞ்சில் இஸ்திரி அக்காவோடு உட்கார வைத்துவிட்டு. டாக்டருக்கு வரிசை இருக்கிறதாம், இரண்டு மாசம் ஆகுமாம். சாகணும் என்று எழுதின பிள்ளைக்கு நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் வாரம் இரண்டு நாள் டீச்சரம்மா பார்க்கிறேன் என்கிறாள், நானும் பகல் ஷிப்டை விட்டுவிட்டு அவளோடு இருக்கிறேன். நேற்று அரைத்தட்டு சாப்பிட்டாள். வேறு நல்ல சேதி இல்லை.

புதன்கிழமை கிளம்பும்போது அந்த டீச்சரம்மா ஒன்று கேட்டாள். உங்கள் பெரிய பெண்ணை எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவளுக்காகவும் நீங்கள் இதே அறைக்கு வந்தீர்கள், அவள் இப்போதாவது தூங்குகிறாளா என்றாள். போனில் இருந்தவர் தப்பாகச் சொல்கிறாரோ என்று இரண்டாம் தடவை சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னார். அந்த அறையையும் அவள் முகத்தையும் நான் மறந்தே போயிருந்தேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது, உனக்காகப் போன அன்றைக்கும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், நடுவில் நீ. வெளியூர்ல போய்ப் படிச்சா நான் பெரிய ஆளா வருவேன்னு சொல்றாங்கம்மா என்றாய். நாங்கள் பூரித்துப்போய் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டோம்.

அந்த டீச்சரம்மா அன்றைக்கு உன்னைப் பற்றி நிஜமாக என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. வலிக்காத மாதிரி மாற்றாமல் எழுது. தங்கையோடு தினமும் பேசு, மார்க்கைப் பற்றிக் கேட்காதே. என் கண்ணே, நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருந்தால் போதும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சொன்னதையெல்லாம் நம்பின
உன் அம்மா