பயிற்சி வகுப்பில் அப்பாவின் பெயர்

மைசூர்,
ஜூலை 1997

அன்புள்ள கண்ணுக்கு,

சாப்பாடும் தங்கும் அறையும் குறையில்லை. டேட்டாபேஸ் என்றால் என்னவென்று இப்போது எனக்கும் புரிகிறது. ஆலையின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைப் பிசகாமல் பார்த்துக்கொள்வது இனி என் பொறுப்பு.

நேற்று எங்கள் ஆலையின் போன வருடத்து ஊழியர் பட்டியலையே பயிற்சிக்கு எடுத்தார்கள். பணியில் இருப்பவர்களிலிருந்து ஒருவரை நீக்கி, காலமானவர்களில் சேர்க்க வேண்டும். திரையில் உன் அப்பா பெயர் வந்தது. என் கை நின்றுவிட்டது.

"ஏன் மேடம், கமாண்ட் மறந்துபோச்சா?" என்று கேட்டார் பயிற்சியாளர் பசவராஜ்.

"இல்லீங்க சார். இவரு எங்க வீட்டுக்காரருங்க. இவரோட வேலையத்தான் எனக்குக் குடுத்திருக்காங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "சாரிம்மா. பேடா, வேண்டாம், விட்டுடுங்க. வேற பேர் எடுத்துக் கொடுக்கறேன்."

"நானே செய்யறனுங்க" என்றேன். செய்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பிறகு வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினேன்.

நான் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து நீ என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஏனென்று கேட்கமாட்டேன்.

நேற்று செய்தது வெறும் நகலில்தான். திங்கட்கிழமை ஆலையின் பட்டியலில் அப்பா பெயரை நிஜமாகவே மாற்ற வேண்டும். அதை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை. உன்னை அழைத்து வரலாமா என்று மேனேஜரிடம் போனில் கேட்டேன், சரி என்றார். பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வருகிறாயா? நீ ஒன்றும் பேச வேண்டாம் கண்ணு, பக்கத்தில் இருந்தால் போதும்.

உன் அம்மா