பேசத் தெரிந்தவளுக்கு ஒரு வேலை

ஜனவரி 20, திங்கள்

இறுதியாண்டுக்கு இன்று முதல் வகுப்பு. பொருள் வடிவமைப்புப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தாங்கள் செய்ததை நாலு பேர் முன்னால் சொல்லத் தெரியவில்லை. சொல்ல வைக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் என் பிழைப்பு.

ஒருவன் தன் மேசை விளக்கைத் தூக்கிக் காட்டி, "இது... ஒரு விளக்கு மேம்" என்றான். "தெரியுதுப்பா, எனக்கும் கண்ணு இருக்கு" என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். "ஊருக்கெல்லாம் பேசக் கத்துக்குடுக்கற. வீட்லதான் எங்களுக்கு வாயத் தொறக்க வழியில்ல."

ஜனவரி 23, வியாழன்

கடைசி வரிசையில் ஒரு பெண். கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. ஒரே கையால் பாட்டில் மூடியைத் திறக்க ஒரு பிடி செய்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கு இடது கை வராது. மரம், களிமண், பழைய செருப்பு ரப்பர் என்று பதினேழு மாதிரி. கடைசியைக் கையில் எடுத்தேன். விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. பதினோரு வருடம் கம்பெனியில் வடிவமைப்பு வேலை பார்த்தவள் நான். இந்த வயதில் இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. கல்லூரிப் பட்டறைக்காரரும், "இவளுக்கு நான் சொல்லிக்குடுக்க ஒண்ணுமில்ல மேம். பட்டறையப் பூட்டாம வெச்சாப் போதும்" என்றார்.

"இதப் பத்திச் சொல்லும்மா" என்றேன்.

"மன்னிச்சுக்கோங்க மேம், இன்னும் சரியா வரல..." தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. நான் வரைந்த மின்விசிறியை என் பக்கத்து மேசைக்காரன் நின்று பேசித் தன்னுடையதாக்கிக்கொண்டு, எனக்கே மேலதிகாரியாக வந்தான். அவன் பேசும்போது நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு அப்படி நடக்க விடமாட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வகுப்பு முடிந்த பிறகும் அவளை உட்கார வைத்துப் பயிற்சி. மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்காதே. முதலில் ஆளைச் சொல், அப்புறம் அவர் படும் பாட்டைச் சொல், அப்புறம்தான் பொருள். மூன்று நிமிடத்தில் முடி. சொதப்பியதைக் காட்டாதே.

மற்ற பதினாறு மாதிரியையும் வீட்டிலேயே வைக்கச் சொன்னேன். கடைசி ஒன்று போதும்.

"அதுதான மேம் நான் செஞ்ச வேலையே?"

"வேலைய யாரும் பாக்க மாட்டாங்க. முடிவத்தான் பாப்பாங்க."

என்னவோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி சொன்னேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று பேசினாள். வகுப்பில் ஒரு சத்தமில்லை. அவள் அம்மா பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு திறப்பதைச் சொன்னபோது முன்வரிசைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்னொரு பக்கம் மூட்டை. உடைந்தது நசுங்கியது எல்லாவற்றையும் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிற பையன். அவனுக்கு நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதின சங்கு. "எல்லாத்தையும் கைல எடுத்தாத்தான் மேம் எனக்குப் பேச்சே வருது." உருப்பட்ட மாதிரிதான் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

கம்பெனி ஆட்கள் வந்தார்கள். வடிவமைப்புப் பிரிவில் ஒரே ஓர் இடம்.

அவள் இரண்டு நிமிடம் ஐம்பது நொடியில் முடித்தாள். கை தட்டினார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க என்ன மிச்சம் வைத்தோம்?

மூட்டை சாக்கை மேசை மேல் கவிழ்த்தான். ஒரு துண்டு உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது. இரண்டு பேர் குனிந்து எடுத்து, இது எப்படி உடைந்தது, அடுத்து என்ன செய்தாய் என்று ஆரம்பித்தார்கள். இருபது நிமிடம்.

கம்பெனிக்காரம்மா என்னை நடைபாதையில் பிடித்தார். "உங்க பொண்ணு பிரமாதம். இவ்ளோ நல்லாப் பேசற பொண்ண டிசைன்ல ஒரு மூலைல உக்கார வெக்க மனசு வரல. வாடிக்கையாளருக்கு எங்க பொருளக் காட்டிப் பேசற பிரிவுல எடுத்துக்கறோம். டிசைனுக்கு அந்தப் பையன்."

நான் சொல்லியிருக்க வேண்டியது: அவளிடம் இன்னும் பதினாறு இருக்கிறது, நான்தான் கொண்டுவர விடவில்லை, ஒரு தடவை பாருங்கள்.

சொன்னது: "ரொம்ப நன்றி மேம்."

ஏன்? சொன்னால் என் வகுப்பைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரே கணம்தான். அதற்குள் லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். ச்சீ, நானெல்லாம் ஒரு ஆளு.

மார்ச் 7, வெள்ளி

"டிசைன் இல்லையா மேம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "மொதல்ல உள்ள போ, அப்புறம் மாறிக்கலாம்" என்றேன். மாற விடமாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

மே 14, புதன்

அவள் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டியிருக்கிறார் துறைத்தலைவர். மூட்டையின் படம் இல்லை. அவனுக்குச் சிரிக்க வராதாம்.

நவம்பர் 7, வெள்ளி

புதுப் பிள்ளைகளிடம் பேச அவளை அழைத்திருந்தார்கள். இஸ்திரி கலையாத கம்பெனிச் சட்டை. முதலாமாண்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "இப்ப நீங்க என்ன பொருள் டிசைன் பண்ணிட்டிருக்கீங்கக்கா?" என்றாள்.

"நல்ல கேள்வி" என்று சிரித்துவிட்டு, வாடிக்கையாளர் மனசைப் பற்றி அழகாகப் பேசினாள். கேட்ட பெண் திருப்தியாக உட்கார்ந்தாள். பதில் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. பதில் இல்லாத இடத்தில் இப்படி ஆரம்பிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தானே.

பேச்சு முடிந்ததும் அவளைத் தனியாக அழைத்து, அன்று நடைபாதையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததைச் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். கேட்டாள்:

"நான் பழையபடி திக்கித் திக்கிப் பேசியிருந்தா, அந்த எடம் எனக்குக் கெடைச்சிருக்குமா மேம்?"

எந்தக் கேள்வி வந்தாலும் தயங்காதே என்று வகுப்புக்கு வகுப்பு சொல்கிறவள் நான். நின்றுகொண்டே இருந்தேன். வண்டி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

அவள் பேச்சில் துறைத்தலைவர் சொக்கிப்போயிருக்கிறார். ஜனவரியிலிருந்து என் வகுப்பு வாரம் நாலு மணி நேரமாம், எல்லா ஆண்டுக்கும் சேர்த்து. கூடுதல் இரண்டு மணி நேரம் எங்கிருந்து? பட்டறையிலிருந்து.

வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சொல்ல ஆரம்பித்தேன் — அந்தப் பெண், பதினாறு மாதிரி, நடைபாதை — எது முன், எது பின் என்று எனக்கே தெரியாமல் உளறினேன். "பாயிண்டுக்கு வாங்க மேம்" என்றார். வர முடியவில்லை.

அவர் நீட்டிய புது அட்டவணையில் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 7, புதன்

புதன்கிழமை மதியம் இனி பட்டறை பூட்டு. பட்டறைக்காரர் எதிரே வந்தும் முகம் கொடுக்கவில்லை.

எல்லா ஆண்டும் ஒரே அறையில். நாற்காலி போதவில்லை என்று பட்டறை முக்காலிகளைத் தூக்கிவந்து போட்டார்கள். பிள்ளைகள் மரத்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.