மாடியில் ஏழடிச் சுவர்

2024 நவம்பர் 11

வீட்டுக்காரர் மறுபடி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரமாட்டாராம், வாடை. "மேரியம்மா, பக்கத்து போர்ஷன்காரங்க கருவாட்டு நாத்தம் தாங்கலன்னு சொல்லிக்கினே கீறாங்க. பொங்கலுக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க." போன மாதம் அவர் சம்சாரம் அரைக்கிலோ நெத்திலியை ஓசியில் வாங்கிப் போனாள். அது மட்டும் மணத்ததா?

இது நான்காவது வாடகை வீடு. திண்டிவனம் மார்க்கெட்டில் ஒரு கூடையோடு உட்கார்ந்தவள், இன்று விழுப்புரம் வரைக்கும் மொத்தமாகக் கருவாடு அனுப்புகிறேன். பொம்மையார்பாளையத்திலிருந்து அரைகுறையாகக் காய்ந்து வரும் சரக்குக்கு இன்னொரு வெயில் காட்டச் சொந்தமாக ஒரு மொட்டை மாடி இல்லை.

முடிவு பண்ணிவிட்டேன். சொந்த மாடி கட்டுகிறேன். அதற்குக் கீழே ஒரு வீடும் இருக்கட்டும்.

நவம்பர் 19

மனை பிடித்துவிட்டது, ஆனால் எனக்குப் பெரிது. உடைத்து விற்க மாட்டார்களாம். எதிர்க்கடை அப்துல் சுக்கூர் பாய் - பதினெட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர் - தானே வந்து கேட்டார். "சேந்து வாங்கலாமா மேரிம்மா? நடுவுல ஒரே சுவரு. அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நாங்க."

அவரையும் வாடகை வீட்டில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. உடனே சரி என்றால் மதிப்பு இருக்காது.

டிசம்பர் 2

எந்தப் பாதி யாருக்கு? மூலைப் பாதி எனக்கு வேண்டும் என்று மூன்று நாளாகக் காரணங்கள் தயார் பண்ணி வைத்திருந்தேன். வாய் திறப்பதற்குள் பாய், "மூலை நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

பேரம் இல்லாமல் கிடைத்த பொருளை என்னால் நம்ப முடிவதில்லை. மூலையில் என்ன கோளாறு?

2025 ஜனவரி 20

கடைக்கால் போட்டோம். வீடு முடியும்வரை இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார் பழைய வீட்டுக்காரர், வாடகையை ஏற்றிக்கொண்டு. என் பக்கம் சர்ச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். பாய் பக்கம் பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதினார். மேஸ்திரி விருத்தாசலம் தன் பங்குக்கு ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, "எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இனிமே விரிசல் வுட்டா என்னக் கேக்காதீங்க" என்றார்.

அனந்தபுரத்து ஆள். வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை.

மார்ச் 6

ஒன்று உறுத்துகிறது. என் சரக்கு கடையோடு நின்றுவிடும் என்று பாய் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். மாடிக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால் கடை நடத்த முடியுமா?

பிளானில் மாடியின் நடுச்சுவர் மூன்றடிதான். பாயின் சம்சாரம் நஃபீசா துணி காயப்போட வருவாள், பார்ப்பாள், மூக்கைப் பொத்துவாள். அப்புறம் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? நாலு வீட்டில் கேட்ட பேச்சு. சொந்த வீட்டிலும் கேட்க என்னால் ஆகாது.

மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏழடி கட்டிடு. அந்தம்மா கோஷா பொம்பள, மறைவா இருக்கும். நான் சொன்னேன்னு அவங்களாண்ட சொல்லிக்கினு இருக்காத."

வீட்டில் என் புருஷன் அமலதாஸ் சிரிக்கிறார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர், எதையும் சிரித்துக்கொண்டே கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். "நஃபீசாவோட கோஷாவுக்கு நீ எப்பத்திலேர்ந்து கவலப்படுற?"

ஏப்ரல் 15

பாய் வீட்டார் ஒரு நிக்காஹ்வுக்காகக் கோட்டக்குப்பம் போயிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தால், அவர்கள் பக்கக் கக்கூஸில் பீங்கானை மேற்குப் பார்த்து வைத்துச் சிமெண்டும் பூசியாகிவிட்டது. அது அவர்கள் தொழுகிற திசை. அப்படி உட்காரக் கூடாது என்று பிளான் போடும்போதே பாய் ஒருமுறை சொன்னார்.

"பேத்து எடு" என்றேன் மேஸ்திரியிடம்.

"மேரிம்மா, இது அவுங்க வூடு."

"அதான் பேக்கச் சொல்றேன். சிமெண்ட்டு இறுகறதுக்குள்ள ஜல்தியா திருப்பு."

வடக்குப் பார்த்துத் திருப்பும்வரை நகரவில்லை. பாயிடம் நான் சொல்லவில்லை. மேஸ்திரி சொல்லிவிட்டார் போல. சாயங்காலம் நிக்காஹ் முடிந்து திரும்பிய பாய், ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டுப் போனார். மூடியோடு.

மே 12

தளம் முடிந்தது. மாடிச் சுவர் எப்போது என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"எம்மா, அவுங்களும் ஏழடி கேக்குறாங்க, உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு வேற. நீங்களும் ஏழடி கேக்குறீங்க. ரெண்டயும் சேத்துப் பதினாலடி கட்டட்டா?"

யார் கேட்டது? நஃபீசாவாம்.

ஆக, தெரிந்துவிட்டது. என் வாடைக்குத்தான் சுவர். கக்கூஸைத் திருப்பி வைத்தவளுக்கு இதுதானா? நான் கேட்டால் அது முன்யோசனை, அவள் கேட்டால் மட்டும் ஏன் இப்படி எரிகிறது - தெரியவில்லை, எரியுது, அவ்ளோதான்.

மே 13

ஏழடிச் சுவருக்குக் கல் இறங்கிவிட்டது. கட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 9

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

பக்ரீத் முடிந்து இரண்டாம் நாள். பாய் வீட்டார் கோட்டக்குப்பத்தில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, ஒரு கூடை வாளையைத் தூக்கிக்கொண்டு புது மாடி ஏறினேன். வெயில் எப்படி விழுகிறது என்று பார்க்கலாமே.

மேலே போனால், நடுச்சுவர் இன்னும் எழும்பாத மாடியில், அவர்கள் பக்கத்தில் கயிறு கட்டி, வரிசையாகக் கறித்துண்டு தொங்குகிறது. கீழே நஃபீசா, கையில் காக்கா விரட்டும் குச்சி. என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"அக்கா... ரெண்டே நாளு. காஞ்சதும் எடுத்துர்றேன்."

"என்னா இது?"

"உப்புக்கண்டங்க்கா, குர்பானி கறி. போன வருஷம் இதுக்குத்தான் அந்த வீட்டுக்காரம்மா காலி பண்ணுன்னாங்க. நீங்களும் மூஞ்ச சுளிச்சிட்டா நாங்க எங்கக்கா போறது? அதான் மேஸ்திரிகிட்ட சுவர ஒசத்திக் கட்டச் சொன்னேன்... கோச்சிக்காதீங்க."

அப்போதுதான் என் இடுப்பிலிருந்த கூடையைப் பார்த்தாள்.

"அது என்னாக்கா?"

"வாளை."

"இங்கயா காய வைக்கப் போறீங்க?"

"பின்ன, சர்ச்சுலயா?"

முதலில் சிரித்தது அவள்தான். குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த நேரத்தில் காக்கா ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கயிற்றிலிருந்து ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். தொழில் புத்தி விடுமா? "பொடி உப்பா போட்ட? கல்லுப்பு போடணும்டீ. துண்டும் தடிமன். இப்படியே வுட்டா உள்ள ஊசிப்பூடும். கத்தி எடுத்தா."

மதியம்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மெல்லிசாகக் கீறினோம்.

ஜூன் 10

நடுச்சுவர் மூன்றடி போதும் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி ஒரு நக்கலும் அடிக்காமல் மீதிக் கல்லை எண்ணப் போனார். அதிசயம்.

ஆகஸ்ட் 24

குடி வந்து பத்து நாள் ஆகிறது. யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. மூலையில் கோளாறு எதுவும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றடியைக்கூடத் தாண்ட முடியாத முட்டி எனக்கு. மீந்த கல்லில் என் பக்கம் இரண்டு படி, அவள் பக்கம் இரண்டு படி கட்டச் சொன்னேன். "அப்பறம் சுவரு எதுக்கு?" என்றார் மேஸ்திரி.

எதுக்கா? காலை வெயில் முதலில் சுவர் மேல்தான் விழுகிறது. ஒன்பது அங்குல அகலம், அதில் யாருக்கு எவ்வளவு என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. இன்று நான் ஏறுவதற்குள் நஃபீசா அதன் நீளத்துக்கும் வெங்காய வடகம் வைத்துவிட்டாள். பாதியை நகர்த்தி நெத்திலியைப் பரப்பிவிட்டுக் கடைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால், என் நெத்திலி நகர்ந்திருக்கிறது.

நாளைக்கு ஆறு மணிக்கே ஏற வேண்டும்.