அசையாத வாத்துகள்

ஹாஸ்கோவோ,
ஜனவரி 15, திங்கள்

அன்பு மகள் ரலிட்சாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். நேற்று சாயங்காலம் அணையிலிருந்து திரும்பும்போது, சைக்கிளில் வந்த ஒருவர் மேல் அம்மா காரை ஏற்றியிருப்பாள். நான் போட்ட கூச்சலில்தான் பிரேக் பிடித்தாள். கேட்டால் மூடுபனி என்கிறாள். பனி மதியமே விலகிவிட்டது.

நேற்று குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு. பத்தொன்பது வருடமாகத் தனியாகப் போகிறவள், இந்த முறை "நீயும் வாய்யா, நான் எண்ண எண்ண எழுது" என்றாள். வாத்துக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஊரெல்லாம் என்னைக் கேலி செய்கிறவள்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீர்த்தேக்கம் பாதி உறைந்து கிடந்தது. கரையில் நின்றபடியே, கட்டிக்கொண்டு போன சீஸ் பனிட்சா தின்றோம், ஆறிப்போய் ரப்பர் மாதிரி இருந்தது. அம்மா தொலைநோக்கியில் கண்ணை வைத்து, நாணல் ஓரமாகத் திருப்பி, "பச்சைத்தலை வாத்து இருபத்து மூணு, எழுது" என்றாள். நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். எல்லாம் வேட்டைக்காரர்கள் நிஜ வாத்துகளை ஏமாற்ற மிதக்கவிடும் பிளாஸ்டிக் பொம்மைகள். ஒன்று மல்லாந்து கிடந்தது, அடியில் கட்டிய கயிறுகூடத் தெரிந்தது. இருந்தும் அவள் சொன்னபடி இருபத்து மூன்று என்றே எழுதினேன்.

வீட்டுக்கு வந்து படிவத்தை எழுதும்போது அவளே கேட்டாள். "கழுகு வந்தப்ப தண்ணியில இருந்த அத்தனையும் எழும்பிச்சு, சத்தம் கேட்டுச்சு. அந்த நாணல் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்ல. பொம்மைதானே?" ஆமாம் என்றேன். "தெரிஞ்சும் ஏன்யா எழுதின? என் கண்ணை நம்பியிருந்தா உன்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்?" என்று சொல்லி அந்த வரியை அடித்தாள்.

கண் டாக்டர் என்று நான் வாயெடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். மாதக் கடைசியில் படிவத்தைக் கொடுக்கத் தனியாகக் காரில் ப்ளோவ்திவ் போகிறாளாம். எண்பது கிலோமீட்டர், அத்தனை லாரிகளுக்கு நடுவே. எனக்கோ ஓட்டத் தெரியாது.

லைப்சிக்கில் உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். எப்படியாவது அதற்குள் வந்துவிடு. அவள் மனம் நோகாமல் கார் சாவியை வாங்க உன்னால்தான் முடியும். நான் கேட்டால் தரமாட்டாள். நேற்று அவள் என்னை நம்பித்தான் கூட்டிப்போனாள், நான் பொய் எழுதினேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே. சீக்கிரம் வா.

உன் அப்பா,
போகொமில்