ஒரே விபத்துக்கு இரண்டு குற்றவாளிகள்

போன வாரம் மகளோடு மலாக்காவின் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். கடைப் பெண் விளக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து நீட்டும்போது கை தவறிவிட்டது. வாசலில் அப்போதுதான் வந்து நின்ற மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் மோதி உடைந்தது. சூட்டில் எண்ணெய் பொரிந்து வெள்ளைப் புகை எழும்பியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக, நான் மட்டும் கிட்டப் போனேன். "என்னப்பா பண்றீங்க?" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். உன் ஞாபகம் வந்துவிட்டது என்று நடுத்தெருவில் நின்று சொல்லவா முடியும்?

நம் வண்டி பந்தயம் ஓடும் நாளில் அப்படித்தான் மணக்கும். அது பந்தயத்துக்கென்று செய்த வண்டியும் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த, முந்நூற்றைம்பது சி.சி. சாதாரண ரோட்டு வண்டி. நீ பஸ் கம்பெனியில் ஃபிட்டர், நான் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. இருவரும் சேர்ந்து வாங்கினோம். உனக்கு வேகம் வேண்டும், எனக்குத் தூரம் வேண்டும். காஜா பெராங்கில் உன் வீட்டுப் பின்வாசலில் அதை நிறுத்தி வைத்து, இருவர் ஆசைக்கும் ஒரே வண்டியைப் பழக்கினோம். "அதுக்குத் தெரியாதுடா நாம எங்க போறோம்னு. நாமதான் சொல்லிக் குடுக்கணும்" என்பாய்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நீ ஓட்ட, நான் பின்னால் கருவிச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, இரண்டு மணி நேரம் பயணம் செய்து பந்தயம் நடக்கும் அந்தப் பழைய விமான ஓடுபாதைக்குப் போவோம். அங்கே முன்விளக்கு, மட்கார்டு, எண் பலகை, சைலென்சர் எல்லாவற்றையும் கழற்றிப் புல்லில் பரப்புவேன். கைப்பிடியைத் தாழ்த்துவேன். சாயங்காலம் அத்தனையையும் திரும்பப் பூட்டி, அதே வண்டியில் ஊருக்குத் திரும்புவோம். மறுவாரம் நான் அதில் பத்துபகாட் போவேன், போர்ட்டிக்சன் போவேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நீ கண்டிப்பானவன். எண்ணெய். பந்தயத்துக்கு விளக்கெண்ணெயில் செய்த எஞ்சின் எண்ணெய், ரோட்டுக்குச் சாதாரண எண்ணெய். இரண்டும் ஒன்றோடொன்று சேராது, சேர்ந்தால் எஞ்சினுக்குள் பிசின் மாதிரி கட்டிக்கொள்ளும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஒன்றை வடித்து, உள்ளே நன்றாகக் கழுவி, பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடத்தின் தொடக்கம். ஒரு வியாழக்கிழமை ஈப்போவிலிருந்து எனக்குத் தந்தி வந்தது. எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் சனிக்கிழமை காலையில் என்னை நேரில் பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்காக அன்றுதான் நீ வண்டியில் பந்தய எண்ணெயை ஊற்றியிருந்தாய். நான் தயங்கி நின்றதைப் பார்த்துச் சிரித்தாய்.

"எடுத்துட்டுப் போலா. பொண்ணு முக்கியமா, ரேஸ் முக்கியமா? சனிக்கிழம சாயங்காலம் வந்து சேந்துடு, அது போதும்." அதே எண்ணெயில் ஒரு போத்தலையும் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாய். "கொறஞ்சா இதத்தான் ஊத்தணும். வேற எது கெடச்சாலும் தொடாத."

தஞ்சோங் மாலிமுக்கு முன்னால் சாலையில் சோதனை. அவசரகாலச் சட்டம் இருந்த சமயம், காட்டில் மறைந்திருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு உணவோ மருந்தோ போய்விடக்கூடாது என்று பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். காவலர் உன் போத்தலின் மூடியைத் திறந்து முகர்ந்தார். விளக்கெண்ணெய். பேதி மருந்தா, சமையலுக்கா என்று கேட்டார். எஞ்சினுக்கு என்றேன். அவர் தன் கூட்டாளியைக் கூப்பிட்டு, இவன் மோட்டார் சைக்கிளுக்குப் பேதி மருந்து கொடுக்கிறானாம் என்று மலாயில் சொல்ல, இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். போத்தலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஈப்போவில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "மலாக்காலேருந்து மோட்டார் சைக்கிள்லயா வந்தீங்க? முதுகு வலிக்கலியா?" என்று கேட்ட அந்த நிமிஷமே எனக்குச் சம்மதம். திரும்பும் வழியில் தாப்பா தாண்டி வண்டியை நிறுத்தி எண்ணெய் பார்த்தேன். அடிமட்டத்தில் கிடந்தது. பக்கத்தில் ஒரு சீனருடைய பட்டறையில் சாதாரண எண்ணெய்தான் இருந்தது. அப்படியே ஓட்டினால் எஞ்சின் போய்விடும், அங்கேயே நின்றால் உன் பந்தயம் போய்விடும். ஊற்றினேன்.

சாயங்காலம் நான் வந்து சேர்ந்தபோது நீ வாசலிலேயே நின்றிருந்தாய். வண்டியைப் பார்க்கவில்லை. "பொண்ணு எப்படி?" என்றுதான் கேட்டாய். உன் உம்மா சீனியை அள்ளி என் வாயில் போட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் எஞ்சினைக் கழுவ நேரமில்லை என்று நீ பந்தயத்தையே விட்டிருப்பாய்.

"எண்ணெய நானே மாத்துறேன்" என்றேன்.

"வியாழக்கிழமதானே ஊத்துனேன்?"

"ரொம்ப தூரம் ஓடிருச்சுலா."

என் தோளில் தட்டிவிட்டு நீ பிரேக்கைக் கவனிக்கப் போனாய். நான் பழையதை வடித்தேன், புதிதை ஊற்றினேன். கழுவவில்லை.

மறுநாள் நான்காவது சுற்றில் நீ இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாய். நேர்ப்பாதையின் முடிவில் எஞ்சின் சத்தம் சட்டென்று அறுந்தது. பின்சக்கரம் இறுகி, ரப்பர் கீச்சிட்டது. வண்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் சிமெண்டுத் தரையில் இழுபட்டுப் போனீர்கள். நான் ஓடி வந்தபோது உன் இடது கால் இருக்கக்கூடாத திசையில் திரும்பியிருந்தது. லாரியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் உன் தலை என் மடியில். கண்ணை மூடியபடி நீ ஒன்றே ஒன்று கேட்டாய்: "எஞ்சின தொறந்து பாத்தியாடா?" தெரிந்துதான் கேட்கிறாய் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இருந்ததாலதான் வாப்பா எம்புள்ள உசிரோட வந்துச்சு" என்று அழுதார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு பல மாதங்கள். உன் காலில் மாவுக்கட்டு. வண்டி உன் வீட்டுப் பின்வாசலில் கித்தான் போர்த்திக் கிடந்தது. கல்யாணத் தேதியை ஈப்போவில் கேட்கும்போதெல்லாம் நான் தள்ளிப் போட்டேன். அவள் வீட்டில் என்னைச் சந்தேகப்படத் தொடங்கினார்கள். தினமும் உன்னைப் பார்க்க வருவேன், தினமும் சொல்ல நினைப்பேன், பேப்பர் படித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவேன். "எஞ்சின பிரிச்சுப் பாத்துடலாமா?" என்று ஒப்புக்கு ஒரு தடவை கேட்டேன். "இருக்கட்டும்லா, என்ன அவசரம்" என்றாய் நீ. உன் முகத்தைப் பார்க்காமல் நான் மூச்சு விட்டேன்.

ஜூலை வந்தது. ஊரில் எங்கே பார்த்தாலும் புதுக் கொடிகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். உன் கட்டைப் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கைத்தடி ஊன்றி நீ பின்வாசல்வரை நடந்து காட்டினாய். இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டதை அன்றுதான் பார்த்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சோதனைச் சாவடி, சீனர் பட்டறை, கழுவாமல் ஊற்றியது, எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினேன். "உன் கால நாந்தாண்டா ஒடச்சேன்" என்றேன்.

நீ நொண்டிக்கொண்டே உள்ளே போனாய். இனி இந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன். அப்போது ஒரு நாளிதழ்ப் பொட்டலத்தோடு வந்தாய்.

"பிரிலா."

உள்ளே பிஸ்டன். அதன் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் அலுமினியம் மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தது.

"போன மாசமே பட்டறைப் பையனுங்கள வச்சுப் பிரிச்சுட்டேன். நீ வேலைக்குப் போயிருந்த நேரமாப் பாத்து" என்றாய். "எண்ணெய்ல கோளாறுன்னா கீழ பேரிங் போயிருக்கும். அது கண்ணாடி மாதிரி இருக்கு. இது பெட்ரோல் பத்தாம எரிஞ்சது."

எனக்குப் புரியவில்லை.

"ரேஸ் அன்னிக்கு நீ தேத்தண்ணி வாங்கப் போனியே, அப்ப கார்புரேட்டர்ல பெட்ரோல் பாயுற ஜெட்ட சின்னதா மாத்திப் போட்டேன், பெட்ரோல் கொறஞ்சா கொஞ்சம் வேகம் கூடும்னு. மொதோ ஆளா வரணும்னு ஆச. நீ வேணாம்பன்னு தெரியும், அதான் சொல்லல." நீ கைத்தடியைப் பார்த்துக்கொண்டே பேசினாய். "உன் வண்டியும்தானே மச்சான் அது. உன் கல்யாணத்துக்கு ஓட்டிட்டுப் போக வேண்டியத நான் எரிச்சுட்டேனே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்ட சொல்றது?"

முதலில் சிரித்தது நீயா நானா தெரியாது. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தோம். "என்னா வாப்பா, என்னா?" என்று உன் உம்மா ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல உம்மா, இவன் என் கால ஒடச்சானாம்" என்றாய். மாதக் கணக்காக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் எந்தப் பக்கம் உருண்டு போனதென்றே தெரியவில்லை. அன்று மாலையே ஈப்போவுக்குக் கடிதம் எழுதினேன்.

அக்டோபரில் கல்யாணம். வேறு பிஸ்டன் போட்டு, சாதாரண எண்ணெய் ஊற்றி, குட்டைக் காலால் பிரேக் மிதித்து நீ ஈப்போ வரைக்கும் ஓட்டி வந்தாய். மணமேடைக்கே வந்து, "நடுவுல எந்த எண்ணெயும் ஊத்தலடா" என்று என் காதில் சொன்னாய். ஐயர் முறைத்தார். அடுத்த வருடம் மறுபடி பந்தயத்துக்கும் போனாய். கிளம்பும் முன் ஜெட்டில் பொறித்திருந்த நம்பரை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாய்.

நீ படுத்த படுக்கையாகி இருந்த கடைசி நாட்களில் புக்கிட் காதில் என்ற இடத்தில் இருந்த உன் மகன் வீட்டுக்கு நான் வந்தேன். பேச்சு குறைந்திருந்தது. கிளம்ப எழுந்தபோது என் சட்டையைப் பிடித்தாய்.

"இன்னும் எதாச்சும் எங்கிட்ட மறைச்சு வச்சிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லடா."

"நானும் இல்லலா" என்றாய். சட்டையை விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

என் வயதில் இருப்பவர்களுக்கு, போய்ச் சேர்ந்தவர்களிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லித்தான் என்னிடம் வந்து அழுகிறார்கள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. நீ இல்லாத வீட்டுத் தெருவழியாக இன்றும் சாயங்காலம் நடந்து போகிறேன், தலை குனியாமல்.