அர்லீதா வீட்டுச் சுவர்

ஜனவரி 9, செவ்வாய்

மாடிப் படுக்கையறைச் சுவர் மறுபடி வியர்த்திருக்கிறது. துணி வைத்துத் துடைத்தால் துணியோடு பெயிண்டும் வருகிறது. அடியில் கறுப்பு. நவம்பரில், நன்றி சொல்லும் நாள் விருந்தின்போது உள்ளங்கை அளவு இருந்த பூஞ்சை, இப்போது என் வீட்டுக்காரர் ரூஃபஸ் தலைமாட்டில் போர்வை விரித்த மாதிரி பரவிவிட்டது. ப்ளீச் ஊற்றித் தேய்த்தேன். அந்த வாடைக்கு அவர் இருமல் இன்னும் கூடிப்போயிற்று.

"என்னைக் கொல்றதுக்கு அர்லீதா வீடு போதும். நீ வேற ஏன் கஷ்டப்படறே?" என்றார்.

எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்கும். எங்களுக்கும் அர்லீதா வீட்டுக்கும் நடுவே இந்த ஒரு செங்கல் சுவர்தான். அவள் கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. போன கோடையில் பின்பக்கக் கூரை உள்ளே விழுந்தது. மழை அங்கே பெய்கிறது, ஈரம் இங்கே வருகிறது.

ஜனவரி 13, சனி

குளிர் கொஞ்சம் விட்டிருந்தது. படி கழுவினேன். முதலில் என்னுடைய வெள்ளைப் பளிங்குப் படிகள், பிறகு அவளுடையவை. சனிக்கிழமை தோறும் இப்படித்தான். பால்டிமோரில் படி அழுக்காக இருந்தால் அந்த வீட்டில் மனுஷி இல்லை என்று அர்த்தம். அப்படி யாரும் அர்லீதா வீட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

கழுவிக்கொண்டிருக்கும்போது நகராட்சி ஆய்வாளர் வந்தார். ரூஃபஸ் எனக்குத் தெரியாமல் போன் போட்டிருக்கிறார்! அந்த ஆள் பின்சந்து வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு, கதவுல கிறிஸ்துமஸ் வளையம்கூடத் தொங்குது. ஆள் இருக்கிற வீடுன்னுல்ல நாங்க இத்தனை வருஷம் தாண்டித் தாண்டிப் போயிட்டிருந்தோம்?"

மேல் ஜன்னலிலிருந்து ரூஃபஸ் கத்தினார். "கேட்டுக்கோ வெர்லீன்! பொணத்துக்கு நீ பவுடர் போட்டே, டாக்டர் வந்து ஆள் நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டான்!"

தெருவே சிரித்தது. எனக்கு வாளியை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

நான் வேறென்ன செய்வேன்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் அர்லீதா என் கையை விடவேயில்லை. "என் பையன் என்னைக்காவது வருவான்டி. வர்றப்ப வீடு இருக்கணும்." இருக்கும் என்று சொன்னேன். சொன்னது நான்தானே.

ஜனவரி 22, திங்கள்

ரூஃபஸை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. உதடு நீலம்.

ஜனவரி 25, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டார். ஆக்சிஜன் குழாயும் கூடவே வந்தது. இரும்பாலை தின்றது போக மிஞ்சியிருக்கிற நுரையீரலைப் பூஞ்சை தின்கிறதாம். டாக்டரம்மா சின்னப் பெண், ஆனால் சுற்றி வளைக்கவில்லை. "வீட்டை மாத்துங்க, இல்ல சுவரை மாத்துங்க. இதே மாதிரி இன்னொரு குளிர்காலத்தை அவர் தாங்க மாட்டார்."

வீட்டை எப்படி மாற்றுவது? இடிந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டை எவன் வாங்குவான்?

ஜனவரி 26, வெள்ளி

மிஸ் கெஸ்லர் என்ற வக்கீல் வந்தாள். கைவிட்ட வீடுகளைப் பார்க்கிற அமைப்பாம். கோர்ட் ஒரு ரிசீவரை நியமிக்கும். வீடு அவர் கைக்குப் போகும். அவர் பழுது பார்ப்பார், இல்லையென்றால் பழுது பார்க்கிறவருக்கு விற்பார். சொந்தக்காரருக்கு அதோடு பாத்தியதை போயிற்று.

"சொந்தக்காரர் வந்தா?"

"அர்லீதா அம்மாவோட மகன்தானே? விசாரணைக்கு வந்து, நானே சரி பண்ணிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொன்னா ஜட்ஜ் அவகாசம் குடுப்பார். அடுத்த குளிர்காலமும் தாண்டிப் போகலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அவர் எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா, மிஸஸ் டோர்சி?"

"தெரியாதும்மா." அது சத்தியம். லின்வுட் தாயின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை.

கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டில் வந்து சொல்லவும் ஒப்புக்கொண்டேன். அர்லீதா, மன்னிச்சுக்கோடி. எனக்கு அவர் ஒருத்தர்தான் இருக்கார்.

ஜனவரி 30, செவ்வாய்

பனி. காலையில் கட்டிலை உதறிக்கொண்டிருந்தேன். சுவரில் தட்டும் சத்தம். மூன்று தட்டு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அர்லீதாவும் நானும் காலையில் எழுந்ததும் சுவரில் இரண்டு தட்டு தட்டிக்கொள்வோம் — நான் இருக்கேன், நீ இருக்கியா, அவ்வளவுதான். மூன்று தட்டு லின்வுடுடையது. அவன் கட்டில் அந்தப் பக்கம் இதே இடத்தில்தான் கிடந்தது. தாய் இரவு வேலை முடிந்து வருவதற்குள் பயல் மூன்று தட்டு தட்டுவான். பசிக்கிறது என்று அர்த்தம். நான் தட்டில் எதையாவது போட்டுக்கொண்டு போவேன்.

ரூஃபஸ் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய் சத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கை தானாகப் போய் இரண்டு தட்டு தட்டிவிட்டது.

பிப்ரவரி 1, வியாழன்

அவன்தான்.

பின்சந்து வழியாகப் போனேன். முற்றத்துக் கதவு கழன்று கிடக்கிறது. சமையலறையில் நின்றால் வானம் தெரிகிறது. மாடியில் முன்னறையில் மட்டும் மழை நேராக விழுவதில்லை, அங்கே தன் பழைய கட்டிலில் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதாகப் போகிறது. தாடியில் நரை. கண் மட்டும் அர்லீதாவின் கண்.

"மிஸ் வெர்லீன், அந்த மக்காச்சோள ரொட்டி இன்னும் சுடறீங்களா?"

"டேய், ஆறு வருஷம் கழிச்சுக் கேக்கிற கேள்வியா இது?" அழுதுவிட்டேன். அவனும்தான்.

பழைய பழக்கமெல்லாம் விட்டுவிட்டானாம். வேலை கேட்டு அலைகிறானாம். விடுதியில் திருடுகிறார்கள், அதனால் இங்கே வந்தேன் என்றான். பேசும்போதே இருமுகிறான். அவன் பக்கம் பூச்செல்லாம் விழுந்து வெறும் ஈரச் செங்கல்தான் நிற்கிறது.

கோர்ட் விஷயம் வாய் வரை வந்தது. ரொட்டி கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, திங்கள்

கீரையும் கோழியும் மூடி எடுத்துப் போனேன்.

"சிக்கன் கால் ரெண்டு குறையுதே?" என்றார் ரூஃபஸ்.

"எலி."

"எலிக்குப் பாத்திரத்தை மூடி வைக்கவும் தெரியுதா?"

சும்மா கேட்பது போல, லின்வுட் ஒருநாள் வந்து நின்றால் நம் கீழறையில் படுக்க விடுவீர்களா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"என் கருவிப்பெட்டியை வித்துத் தின்னவன். எங்கப்பா கைபட்ட பெட்டி அது. அவன் உள்ள வந்தா நான் வெளிய போறேன், குழாயோட."

பிப்ரவரி 14, புதன்

அர்லீதா வீட்டு முன்கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். லின்வுட் முன்பக்கமே வருவதில்லை. வந்து போவதெல்லாம் சந்து வழியாக.

எங்களுக்கும் கடிதம் வந்தது. ரூஃபஸ் கட்டிலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தார். இரும்பாலை இரைச்சலில் காது போனதிலிருந்து இவர் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். "மார்ச் ஆறாம் தேதி! காலையில ஒன்பதரை! நீ வந்து சொல்லணுமாம், வெர்லீன்!" பிறகு இருமத் தொடங்கினார். நிற்கவேயில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். இந்த மனுஷன் மூச்சு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் நெஞ்சும் சேர்ந்து இழுக்கிறது.

சொன்னால் அவன் கோர்ட்டுக்குப் போவான். நானே சரி பண்ணிக்கிறேன் என்பான். அவனால் ஓர் ஆணி வாங்க முடியாது, ஆனாலும் சொல்வான், அவன் அம்மா வீடு அது. ஜட்ஜ் தேதி தள்ளுவார். இவர் போய்ச் சேர்வார்.

சொல்லாவிட்டால்?

பிப்ரவரி 19, திங்கள்

சூப் கொண்டுபோனேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

கோட் கொண்டுபோனேன், ரூஃபஸுடையது, பழசு. "மிஸ்டர் ரூஃபஸுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். "இருமல் அதிகமா?" பரவாயில்லைடா என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4, ஞாயிறு

சர்ச்சில் எல்லோரும் பாடும்போது நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, செவ்வாய்

முடிந்தது.

அறை சின்னது. நான் கதவுக்கு நேராக உட்கார்ந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். வந்துவிடுவானோ என்று பயம். வராமல் போய்விடுவானோ என்றும் பயம், அது எப்படி என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜட்ஜ் கேட்டார். "சொந்தக்காரரோ வாரிசோ வந்திருக்காங்களா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். சுவர், ஈரம், ரூஃபஸ் எல்லாம் சொன்னேன். அந்த வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? கேட்கவில்லை.

ரிசீவரை நியமித்துவிட்டார். மிஸ் கெஸ்லர் என் தோளைத் தொட்டு, "நீங்க நல்ல காரியம் பண்ணீங்க" என்றாள். கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

மார்ச் 15, வியாழன்

திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள் — உள்ளே இருப்பதைக் காலி பண்ணி, பலகை அடிக்க. இன்று சொல்லியே ஆகவேண்டும் என்று போனேன். ரொட்டி கையில். வெட்கம் கெட்டவள், ரொட்டி கொண்டுபோனேன்!

அவன் கட்டிலைத் தட்டிப் போட்டிருந்தான். பை கட்டித் தயாராக இருந்தது.

"லின்வுட், உன்கிட்ட ஒண்ணு..."

"தெரியும், மிஸ் வெர்லீன்."

"என்ன தெரியும்?"

"மார்ச் ஆறு. காலையில ஒன்பதரை." ரூஃபஸ் மாதிரியே கத்திக் காட்டினான், சிரித்தான். "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறதெல்லாம் எனக்குக் கேக்கும். சின்னப் பையனா இருக்கும்போதே கேக்கும். இப்ப பூச்சும் இல்ல."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுமாடா வரல?"

"அன்னிக்குக் காலையில ஷேவ் பண்ணேன். உங்க கோட்டைக்கூடப் போட்டேன். படியில இறங்கும்போது மிஸ்டர் ரூஃபஸ் இரும ஆரம்பிச்சார். அங்கேயே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். நிக்கும் நிக்கும்னு பார்த்தேன்." நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்புறம் மேல ஏறி வந்துட்டேன்."

"உங்கம்மா வீடுடா இது."

"என்னால இதைக் கட்ட முடியாது. நான் கோர்ட்டுக்கு வந்தா அதைச் சொல்ல மாட்டேன், வீம்புக்குப் பேசுவேன். என்னை எனக்குத் தெரியும். அவர் பெட்டியை வித்தவன், மூச்சையும் விக்கவா?"

நான் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ரொட்டியைப் பாதி பிட்டு எனக்குக் கொடுத்தான். கையிலேயே வைத்திருந்தேன். எங்கே போவாய் என்றேன். தெற்கே ஒரு பெரியம்மா மகன் இருக்கிறான் என்றான். அவனுக்கு அப்படி யாரும் இல்லை. அர்லீதா ஒரே பெண்.

ரூஃபஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எலி கோட் போடாது வெர்லீன்," என்றார். "எனக்கும் தெரியும். தெரிஞ்சதா காட்டிக்கிட்டா, உள்ள வான்னு சொல்லணும். நான் சொல்லல."

மார்ச் 16, வெள்ளி

காலையில் சுவரில் மூன்று தட்டு தட்டினேன். ரூஃபஸ் சட்டை போட்டுக்கொண்டு, குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போ, கூட்டிட்டு வா" என்றார்.

போனேன். பை இல்லை. பழைய கோட்டை மடித்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

வெளியே இன்னும் குளிர் விடவில்லை.

ஏப்ரல் 2, திங்கள்

அர்லீதாவின் சமையலறை அலமாரி குப்பை லாரியில் போகிறது. விடுதிகளில் விசாரித்தேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை.

ஜூன் 9, சனி

கூரை போட்டுவிட்டார்கள். சுவரில் அவர்கள் பக்கம் பஞ்சு வைத்துப் பலகை அடித்து, மேலே பூசியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தையும் சுரண்டி, மருந்து அடித்துக் கொடுத்தார்கள். வேலை சுத்தம். யாரையும் குறை சொல்ல முடியாது.

செப்டம்பர் 1, சனி

ஷெரீஸ் என்ற பெண் குடி வந்திருக்கிறாள். பஸ் ஓட்டுகிறாள். நான் அவள் படியில் வாளியோடு குனிந்திருந்தபோது வெளியே வந்துவிட்டாள். "ஐயையோ, என்ன இது! வயசானவங்க நீங்க போய்! என் படியை நான் கழுவிக்க மாட்டேனா?" என்று பிரஷைப் பிடுங்கிக்கொண்டாள். நல்ல பெண். எனக்குத்தான் கை சும்மா இருந்தது.

நவம்பர் 10, சனி

முதல் குளிர். ரூஃபஸ் இரவு முழுக்கத் தலையணை அடுக்காமல் நேராகப் படுத்துத் தூங்கினார். சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது.

படி கழுவும்போது ஷெரீஸ் சொன்னாள். "நேத்து சாயங்காலம் சந்துல ஒருத்தர் நின்னார், மிஸ் வெர்லீன். மெலிஞ்ச ஆள், நரைச்ச தாடி. யாரு வேணும்னு கேட்டேன். சுவர் காஞ்சிருக்கான்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியல. காஞ்சிருக்குன்னு சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் இருமறது கேக்குதான்னார். இல்லீங்க, அந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேக்காதுன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டார்."

எந்தப் பக்கம் என்றேன். கையைக் காட்டினாள். பிரஷோடு, செருப்போடு, சந்து முனை வரை ஓடினேன். என் வயதுக்கு ஓட்டமா அது! யாரும் இல்லை. நேற்றுப் போனவன் இன்றைக்கு நிற்பானா?

வந்து ரூஃபஸிடம் சொன்னேன். மாடிக்கு ஏறினார். அவராகவே, நிற்காமல். சுவரில் மூன்று தட்டு தட்டினார். காதை வைத்துக் கேட்டார். செவிட்டுக் காது. எனக்கும்தான் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல சுவர் போட்டிருக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்தேன். ரூஃபஸ் எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். கீரை, கோழி, ரொட்டி எல்லாம் அவரே வைத்து, இன்னொரு தட்டால் மூடி, பின்கதவுப் படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. தட்டு அப்படியே இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்," என்றார்.