பழுப்பு ஏடு எழாத வருஷம்

அன்பு மகள் சொலாஞ்சுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஹெரிபோர்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இரண்டு வருஷமாக அம்மாதான் உனக்கு எழுதுகிறாள், நான் ஒரு வரி எழுதவில்லை. இங்கிலீஷ்காரன் ஆப்பிள் சைடரில் சர்க்கரையைக் கொட்டுகிறவன், அவனிடமா போய் வேலை பார்க்கப்போகிறாய் என்று வாசலில் நின்று நான் கத்தியது உனக்கு மறந்திருக்காது.

நீ அங்கே உன் கையால் செய்து அனுப்பிய சைடர் புட்டி வந்தது. தொடமாட்டேன் என்றேன். அம்மா விடுவாளா? ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துக் கஸ்தோன் வந்திருந்தபோது, அதை ஒரு கிண்ணத்திலும் நம்முடையதை இன்னொன்றிலும் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் என் முன்னால் வைத்துவிட்டாள். முதல் கிண்ணம் நிதானமாக இனித்தது, விழுங்கின பிறகும் லேசான துவர்ப்பு நின்றது, இது நம் குளத்தங்கரை மரத்துப் பழம்தான் என்று கஸ்தோனிடம் அளந்தேன். இரண்டாவது, நாக்கில் பட்டதும் இனித்து உடனே காணாமல் போனது. கடைச் சர்க்கரை, இங்கிலீஷ் சரக்கு, பன்றிக்கு ஊற்று என்றேன். அம்மா கிண்ணங்களை எடுத்துக்கொண்டே, "இவ்ளோ நேரம் நீங்க திட்டினது நம்ம சைடரத்தாங்க. மக அனுப்பினதச் சொட்டு மிச்சமில்லாம குடிச்சிட்டீங்க" என்றாள். கஸ்தோன் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன் கண்ணு. என் நாக்கு தப்பு சொல்லவில்லை. போன வருஷம் பிழிந்தபோது குளிரே இல்லை, தொட்டியில் சாற்றின் மேல் பாலாடை மாதிரி எழுகிற பழுப்பு ஏடு எழவில்லை. ஏடு எழாவிட்டால் சாறு வேகமாகப் புளித்து இனிப்பெல்லாம் போய்விடும், உனக்குத் தெரியாததா. நான்தான் திருட்டுத்தனமாகச் சர்க்கரை கலந்து, அதுவும் புளித்துவிடாமல் இருக்கப் புட்டிகளை வெந்நீரில் வைத்து எடுத்தேன். உன்னைத் திட்டின அதே ஆள். வெட்கமாக இருக்கிறது.

உன் தொட்டியில் ஏடு எழுந்திருக்கிறது. எப்படி என்று எனக்குக் காட்ட வேண்டும், கடிதத்தில் எழுதினால் போதாது. நவம்பரில் பிழிகிறோம், வந்துவிடு கண்ணு. நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். சர்க்கரை விஷயம் அம்மா காதுக்குப் போகக் கூடாது, ஞாபகம் வைத்துக்கொள். விலாசம் அவள்தான் எழுதுவாள், அதனால் உறையை ஒட்டித்தான் கொடுக்கப்போகிறேன்.

உன் அப்பா
அர்மான்

(உறையின் பின்புறம், வேறு கையெழுத்தில்)

சொலாஞ், உங்கப்பா என்னமோ ரகசியம் போல ஒட்டிக் கொடுத்திருக்கார். சர்க்கரை விஷயமாத்தான் இருக்கும். மூட்டை பாதியானது எனக்குப் போன வருஷமே தெரியும். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட காட்டிக்காம வந்து நில்லு. அம்மா.